கோடியக்கரையா, முத்துப்பேட்டையா, பிச்சாவரமா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் விடுமுறை விடும் மார்கழி நாட்களில்தான் காவிரி டெல்டாவின் கடலோரம் முழு உயிர்ப்போடு இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துகொண்டிருக்கும். மேட்டூர்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஏரிகளில் நிறைந்திருக்கும். வடக்கிலிருந்து வலசை புறப்பட்ட பறவைகள் வந்து இறங்கியிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் உள்ள குடும்பங்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் டிக்கெட் தேடுகின்றன. மலைக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் வயல்களில் பாய்ந்த தண்ணீர் கடைமடையையும் தாண்டிப் போய்க் கடைசியில் எதையெல்லாம் வாழவைக்கிறது என்பதை இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

போவது என்று முடிவு செய்த பிறகு வரும் கேள்வி, எங்கே என்பது. வடக்கே வெள்ளாற்றின் முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்துக்கும் நடுவே பிச்சாவரம் இருக்கிறது. தெற்கு நோக்கி வரும் கடற்கரை சட்டென்று மேற்கே மடங்கும் மூலையில் கோடியக்கரை. அங்கிருந்து மேற்கே, கோரையாறும் பாமினியாறும் இன்னும் சில கிளையாறுகளும் கடலோரக் காயலில் கலக்கும் இடத்தில் முத்துப்பேட்டை. "அலையாத்திக் காடு, படகு, பறவை" என்று மூன்று இடங்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அப்படிக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். கோடியக்கரை படகுச் சவாரிக்கான இடம் அல்ல. பிச்சாவரத்தில் மான் கூட்டம் கிடையாது. முத்துப்பேட்டைக்குப் போய் இறங்கியவுடன் கண்ணெதிரே எதுவும் வந்து நிற்காது.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலங்குகளையும் பறவைகளையும் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் கோடியக்கரை. அதுவும் ஓர் இரவு தங்கிப் பார்ப்பது. கையில் அரை நாள்தான் இருக்கிறது, உடன் வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் பிச்சாவரம். இவ்விரண்டையும் ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு, அல்லது தண்ணீரின் நடுவே ஒரு நாளை அமைதியாகக் கழிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு முத்துப்பேட்டை. ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

கோடியக்கரையை 1967-ஆம் ஆண்டு வெளிமான்களைக் காப்பதற்காகச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002-இல், உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் சதுப்பு நிலம் அதுதான். அடுத்தது சேர ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின. இந்தப் பெருமைகளை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரே காலைப்பொழுதில் புல்வெளி, காடு, சதுப்பு, உப்பளம், கடல் ஆகிய ஐந்தையும் அங்கே பார்த்துவிடலாம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு உயிர்கள். டெல்டாவில் இப்படி இன்னோர் இடம் இல்லை.

வெளிமானைப் பார்க்க விடியற்காலையில் புல்வெளிப் பக்கம் போக வேண்டும். தவறினால் வெயில் தாழ்ந்த மாலையில். பெண்மான்களும் குட்டிகளும் வெளிர் பழுப்பு நிறத்தில் கூட்டமாக மேயும். வளர்ந்த ஆண்மானின் முதுகு கருத்து, வயிறு வெளுத்து இருக்கும். கொம்பு முறுக்கிக்கொண்டு மேலே எழும். இணை சேரும் காலத்தில் ஆண்மான் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு வேறு ஆண்களை உள்ளே விடாது. கூட்டத்தில் ஒன்று மிரண்டால் போதும், நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பத் துள்ளும். பின்னாலேயே மற்றவையும் துள்ளும். இந்தத் துள்ளலைப் பார்ப்பதற்காக வேண்டுமென்றே வண்டியின் ஹாரனை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெயிலில் நீர் தேடி அலையும் ஒரு விலங்கை வீணாக ஓடவைப்பது கொடுமை. வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, உள்ளேயே அசையாமல் இருந்தால் அவை மெல்ல மேய்ந்துகொண்டே நெருங்கிவரும்.

பறவைகளுக்காகப் போகிறவர்கள் சதுப்பு நிலத்தின் பக்கம் நேரம் ஒதுக்க வேண்டும். பூநாரைகள் ஆழமற்ற உப்பு நீரில் தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரைச் சலித்து, நுண்ணுயிர்களைத் தின்னும். அவற்றின் இளஞ்சிவப்பு நிறமே அந்த இரையிலிருந்து வருவதுதான். தண்ணீர் மிக ஆழமாகிவிட்டாலும் ஒரேயடியாக வற்றிவிட்டாலும் அவை வேறிடம் போய்விடும். ஆகையால் எத்தனை பூநாரைகளைப் பார்க்கலாம் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. கொடுத்தால் நம்பாதீர்கள். பூநாரை தொலைவில் நின்றாலும் பரவாயில்லை, காலடியில் இருக்கும் உள்ளான்களை விட்டுவிட வேண்டாம். கொசு உள்ளான் என்று ஒரு பறவை, கைப்பிடிக்குள் அடங்கிவிடும். வடதுருவத்தை ஒட்டிய பகுதிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, அந்தச் சிறு உடலோடு கண்டம் தாண்டிப் பறந்து இந்தச் சேற்றுக்கு வந்து சேர்கிறது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் கால்களில் வளையம் மாட்டி அவற்றின் பயணங்களை ஆராய்ந்துவருகிறார்கள். வேதாரண்யம் என்றால் நமக்கு 1930-இன் உப்புச் சத்தியாக்கிரகம்தான் நினைவுக்கு வருகிறது. பறவைகளைப் படிக்கிறவர்கள் வட்டத்திலும் அதே அளவுக்குப் பெயர்பெற்ற ஊர் அது.

காட்டையும் மறந்துவிடக் கூடாது. கோடியக்காடு மழைக்காடும் இல்லை, வெறும் முட்புதரும் இல்லை. கடலோர மணல்மேட்டில் வளர்ந்த உலர் பசுமைமாறாக் காடு. பாலை மரங்கள் குட்டையாக, நெருக்கமாக, வருடம் முழுவதும் இலையோடு நிற்கும். இந்த வகைக் காடு சோழமண்டலக் கரையில் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, முயல் எல்லாம் இதற்குள் இருக்கின்றன. குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவி வந்து புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். மட்டக்குதிரைகளையும் காணலாம். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை ஒருகாலத்தில் மனிதர் வளர்த்து விட்டவற்றின் வழிவந்தவை. வெளிமானுக்கு வேண்டிய புல்லில் பங்கு கேட்பவை. சீமைக் கருவேலம் வேறு புல்வெளிக்குள் புகுந்துகொண்டே இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இந்தக் காட்டைப் போட்டுப் புரட்டியது. வேதாரண்யம் வட்டாரத்தில் தென்னையும் மாவும் இழந்தவர்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காடு மெல்லத் துளிர்த்திருக்கிறது. வயதான மரங்களின் இடம் இன்னும் நிரம்பவில்லை.

கோடியக்கரையின் குறைகளையும் சொல்ல வேண்டும். தொலைவு ஒன்று. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகப் போனால் 100 கிலோமீட்டருக்கு மேல். அதிகாலையில் மானைப் பார்க்க வேண்டுமானால் முதல்நாளே போய்த் தங்கியாக வேண்டும். வனத்துறை விடுதியில் இடம் கிடைக்காவிட்டால் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேதாரண்யத்தில் தங்கலாம். 2023-இல் திருத்துறைப்பூண்டிக்கும் அகஸ்தியம்பள்ளிக்கும் இடையே அகலப்பாதை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு வண்டி வசதி இல்லாதவர்களுக்குச் சற்று எளிதாகியிருக்கிறது. ஆனால் உள்ளே சுற்றுவதற்கு ஆட்டோவோ வாடகைக் காரோ பேசிக்கொள்ள வேண்டும். நிழலும் கடைகளும் குறைவு. குடிதண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோக வேண்டும். குரங்குகள் உணவுப் பையைப் பறிக்கும். பரிதாபப்பட்டுக் கொடுப்பதால்தான் அந்தப் பழக்கமே வந்தது. சதுப்பின் சில பகுதிகளுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். பைனாகுலர் இல்லாமல் போனால் பூநாரைக் கூட்டம் அடிவானத்தில் ஒரு வெளிர்க் கோடாக மட்டும் தெரியும். யாரிடமாவது இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். கைப்பேசிக் கேமராவை நம்பிப் பயனில்லை.

இவ்வளவு சிரமத்தையும் தாண்டி அங்கே போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. தை, மாசி, பங்குனி மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலைத் தோண்டி முட்டையிடும். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றைக் கடலில் விடுவார்கள். விடும் நாள் முன்கூட்டியே நிச்சயமாகத் தெரியாது. வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவைத்தால் வாய்ப்பிருக்கும். கடற்கரையில் வெள்ளை வெளிச்சம் அடித்துக் கூட்டம் கூடினால் தாய் ஆமை முட்டையிடாமலேயே திரும்பிவிடும். எனவே சொந்த முயற்சியில் இரவில் டார்ச்சோடு தேடிப் போவதை ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

பிச்சாவரம் இதற்கு நேர் எதிர். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர், டவுன் பஸ் உண்டு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. டிக்கெட் வாங்கி, உயிர்க்காப்பு உடை மாட்டி, படகில் உட்கார்ந்தால், உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு கைக்கெட்டும் தொலைவுக்கு வந்துவிடும். மரங்களடர்ந்த சின்னஞ்சிறு தீவுகள், அவற்றுக்கிடையே கால்வாய்கள். நடக்க முடியாத பாட்டியையும் மூன்று வயதுக் குழந்தையையும் ஒன்றாக அழைத்துப் போகக்கூடிய இயற்கை அனுபவம் டெல்டாவில் இது ஒன்றுதான். நடராஜர் கோயிலையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

இங்கே எடுக்க வேண்டிய பெரிய முடிவு துடுப்புப் படகா, மோட்டார் படகா என்பது. தயக்கமில்லாமல் சொல்கிறேன்: துடுப்புப் படகு. மோட்டார் படகு அகலமான கால்வாய்களில் விரைந்து போய் முகத்துவாரத்தின் பக்கம் காட்டிவிட்டுத் திரும்பும். அதன் சத்தத்தில் கொக்கும் மீன்கொத்தியும் முன்னதாகவே எழுந்து போய்விடும். துடுப்புப் படகு, கிளைகள் தலைக்கு மேல் பின்னிக்கொள்ளும் குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையும். அங்கேதான் சுரபுன்னையின் முட்டு வேர்கள் வளைந்து வளைந்து நீருக்குள் இறங்குவதையும், அதன் விதை மரத்திலேயே முளைத்து நீண்ட காய்போலத் தொங்குவதையும் பக்கத்தில் பார்க்க முடியும். நீர் வற்றிய சேற்றில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் அதை ஆட்டி ஆட்டிப் பெண் நண்டுகளை அழைக்கும். குழந்தைகள் இதில் லயித்துவிடுவார்கள். படகோட்டியிடம் தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த மரம். காட்டும்போது தொட வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் உண்டாகி, பார்வையே பாதிக்கப்படலாம்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் இந்த அலையாத்திகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. இந்தக் காடே ஒருகாலத்தில் வெட்டி வெட்டித் தேய்ந்ததுதான். மொத்தமாக வெட்டப்பட்ட இடங்கள் தாழ்ந்து பள்ளமாகி, கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறி, எந்த விதையும் முளைக்க முடியாத நிலமாயின. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து, அந்தப் பள்ளங்களில் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டி, நீரோட்டம் வந்து போக வழிசெய்து, கன்றுகளை நட்டது. இன்று நாம் அங்கே காணும் பசுமையில் ஒரு பகுதி அப்படி மீண்டது. பிச்சாவரம் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

அதன் குறை, கூட்டம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் காணும் பொங்கலன்றும் வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடும். பெரிய விலங்குகளை எதிர்பார்க்கவும் கூடாது. வார நாளில், காலையில் முதல் படகுகள் புறப்படும் நேரத்துக்குப் போங்கள். அதைவிட்டால் வேண்டாம் என்றே சொல்வேன்.

முத்துப்பேட்டையைப் பற்றி எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. காப்புக்காட்டின் பரப்பு சுமார் 12,000 ஹெக்டேர். பிச்சாவரம் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இருந்தும் பாதிப் பேருக்கு இது பெயரளவில் மட்டுமே தெரியும். திருவாரூர் - காரைக்குடி ரயில் பாதையில் ஊர் இருக்கிறது. ஜாம்புவானோடைப் பக்கமிருந்து படகில் கோரையாற்றோடு இறங்க வேண்டும். வனத்துறையிடம் முன்னதாகவே அனுமதியும் படகும் உறுதிசெய்துகொண்டுதான் புறப்பட வேண்டும்; நேராகப் போய் நின்றால் ஏமாற்றம்தான். ஆறு அகன்றுகொண்டே போய், ஒரு கட்டத்தில் கரைகள் விலகி, காயல் விரியும். ஆழம் மிகக் குறைவு. பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் இறங்கி நிற்கலாம். கூழைக்கடாக்கள், நீர்க்காகங்கள், ஆலாக்கள், கொக்கு வகைகள் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க இடம் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு சுற்றுலாப் படகு வந்து சத்தம் போடாது. வேலிகட்டிய வாய்க்கால்களில் மீன் பிடிக்கும் உள்ளூர் முறையையும் வழியில் காணலாம்.

வருத்தம் எதற்கென்றால், இந்தக் காட்டில் கிட்டத்தட்ட ஒரே மர இனம்தான் ஆட்சி செய்கிறது: வெண்கண்டல். உப்பை இலை வழியே வெளியேற்றும் திறன் அதற்கு உண்டு. இலையின் அடியில் நாக்கை வைத்தால் கரிக்கும். மற்ற அலையாத்தி மரங்களுக்கு நன்னீரும் கலந்து வர வேண்டும். காவிரியின் கடைசிக் கிளைகளில் தண்ணீர் வரத்துக் குறையக் குறைய, காயலில் வண்டல் மேடிட, உப்பு ஏறி, பல்வகை மரங்கள் நிற்க முடியாமல் போயின. கடைமடை விவசாயி எந்தத் தண்ணீருக்காகக் காத்திருக்கிறாரோ, அதே தண்ணீருக்காகத்தான் இந்தக் காடும் காத்திருக்கிறது. "கடலில் வீணாகக் கலக்கிறது" என்று நாம் பேசும் தண்ணீர் எங்கும் வீணாகவில்லை என்பதை முத்துப்பேட்டையில் கண்ணால் காணலாம். வளர்ந்த பிள்ளைகளை, குறிப்பாக பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களை அழைத்துப் போக மூன்றில் இதுவே சிறந்தது என்பேன். ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்த நீண்ட படகுப் பயணம் சலித்துவிடும். கடும் வெயிலில் தொப்பியில்லாமல் போகவும் கூடாது.

கடலோரம் வரை போக நேரமில்லாதவர்களுக்கு ஏரிகள் இருக்கின்றன. தஞ்சாவூர் - மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரி. திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகும் வழியில் உதயமார்த்தாண்டபுரம். இரண்டும் மேட்டூர்த் தண்ணீரால் நிரம்பும் பாசன ஏரிகள். இரண்டும் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, இராக்கொக்கு எல்லாம் உதயமார்த்தாண்டபுரத்து மரங்களில் அடையும். மாலை ஐந்து மணிக்குக் கரையில் நின்றால் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதைப் பார்க்கலாம். கோடை வந்தால் ஏரி காய்ந்துவிடும். அப்போது போவதில் பொருளில்லை.

அண்மைக்காலத்தில் சிலர் தஞ்சாவூர் மாவட்டக் கடலோரத்தில் உள்ள மனோராப் பக்கம் போனால் கடற்பசு பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நம் நாட்டில் இதுவே முதலாவது. ஆனால் அது பார்ப்பதற்கான இடம் அல்ல. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அந்த விலங்கு கூச்ச சுபாவம் உள்ளது. கடற்புல்வெளியில் மேய்ந்து, மூச்சுவிட மட்டும் மேலே வரும். வலையில் தெரியாமல் சிக்கியதை மீனவர்கள் வலையை அறுத்துக் கடலில் விட்ட நிகழ்வுகள் உண்டு. அவர்களுடைய நஷ்டத்தோடு ஒப்பிட்டால், நாம் படகில் துரத்திப் போகாமல் இருப்பது மிகச் சிறிய உதவி. மனோராவுக்குப் போங்கள், சரபோஜி மன்னர் 1814-இல் கட்டிய கோபுரத்தைப் பாருங்கள், கடற்காற்று வாங்குங்கள். கடற்பசுவை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

இனி, மாதத்தை வைத்துத் தேர்வு செய்வது எப்படி? ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருந்தால் எங்குமே போக வேண்டாம். படகும் விட மாட்டார்கள். மார்கழி முதல் மாசி வரை மூன்று இடமும் நன்று, கோடியக்கரை மிக நன்று. ஜனவரி இறுதியில் மேட்டூர் அணையை மூடுவது வழக்கம். அதன் பிறகு ஏரிகள் மெல்ல வற்றும்; ஆகவே வடுவூரையும் உதயமார்த்தாண்டபுரத்தையும் தைப் பொங்கலுக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. பங்குனிக்குப் பிறகு வலசைப் பறவைகள் திரும்பிவிடும். சித்திரை, வைகாசி விடுமுறையில்தான் போக முடியும் என்றால் பிச்சாவரத்துக்குக் காலை வேளையில் போங்கள். மரநிழலும் நீரும் இருப்பதால் அது ஒன்றுதான் கோடையைத் தாங்கும். வெளிமான்கள் ஆண்டு முழுவதும் கோடியக்கரையிலேயே இருக்கின்றன என்றாலும், நீர்நிலைகள் சுருங்கிய கத்திரி வெயிலில் அவற்றைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே நாகரிகம்.

இந்த அரையாண்டு விடுமுறைக்கு எனக்குப் பிடித்த திட்டம் இது. காலையில் தஞ்சாவூரிலிருந்து கிளம்பி, வழியில் வடுவூர்க் கரையில் சற்று நேரம், மதியத்துக்கு வேதாரண்யம், மாலையில் கோடியக்கரைச் சதுப்பு, இரவுத் தங்கல், மறுநாள் விடியலில் வெளிமான், பிறகு குழகர் கோயில், திரும்பும்போது திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டைச் சாலையில் திரும்பி மாலையில் உதயமார்த்தாண்டபுரம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு வனச்சரக அலுவலகத்தை அழைத்து மூன்று விஷயம் கேளுங்கள்: சதுப்பில் தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது, பறவைகள் எந்தப் பக்கம் இறங்கியிருக்கின்றன, அங்கே போக அனுமதி கிடைக்குமா. தண்ணீர் இல்லை என்று சொன்னால், கோடியக்கரையை ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டுப் பிச்சாவரத்துக்கு வண்டியைத் திருப்புங்கள்.